ஜெயிச்சா போதும்

ஆட்ட நாளென்றால் காலைப் பசியாறும் நேரத்துக்கே திருச்செல்வத்தின் அழைப்பு வந்துவிடும். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்பதெல்லாம் கிடையாது. ஒரே கேள்விதான்.

"மச்சான், இன்னிக்கு என்ன வேணும்?"

சுகுமாறன் ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டும். அந்த வரியைத்தான் கோச் லிம் உடை மாற்றும் அறையின் வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுவார். பிறகு ஆட்டக்காரர்கள் அத்தனை பேரின் கைப்பேசிகளையும் வாங்கி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போடுவார். தன்னுடையதையும் மேலே வைத்து மூடியை அழுத்தி மூடி, ஆட்டம் முடியும்வரை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொள்வார். முன்பு ஒரு பருவத்தில், வேறு ஊர் ஆட்டத்தின் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து ஆடி, கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார்கள். அன்றைக்கு வந்த வழக்கம் இது. ஆட்டம் தொடங்கிவிட்டால் கிள்ளான் அணிக்கு வெளியுலகம் கிடையாது. அந்த ஒரு வரி மட்டும் உண்டு.

சுகுமாறன் புள்ளியியல் படித்தவன். வார நாட்களில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையிலிருந்து போகும் இணையத் தமிழ் விளையாட்டு நிகழ்ச்சியில் உட்கார்ந்து, யார் வெல்வார்கள், யார் பிளே-ஆஃப் போவார்கள் என்று நூற்றுக்கு இத்தனை என்று சொல்வான். திருச்செல்வம் அவன் மனைவி மாதவியின் அண்ணன். கிள்ளான் அணியில் இருக்கும் ஒரே தமிழன். மாதவி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

அன்று பருவத்தின் கடைசி நாள். கரையோரக் கூடைப்பந்து லீக்கில் எட்டு ஊர் அணிகள். முதல் நான்கு பிளே-ஆஃப் போகும். மேலே இரண்டு இடங்கள் முடிவாகிவிட்டன. மீதி இரண்டுக்கு மூன்று அணிகள் நின்றன: தாய்லாந்திலிருந்து சொங்க்லா, இந்தோனேசியாவிலிருந்து பாத்தாம், பிறகு கிள்ளான். மற்ற இரண்டும் கிள்ளானைவிட ஒரு வெற்றி முன்னால் இருந்தன. இன்று கிள்ளான் சொந்த ஊரில் பாத்தாமோடு மோதுகிறது. அதே நேரத்தில் சொங்க்லா தன் ஊரில் கடைசி இடத்து மேடானோடு.

"ஜெயிச்சா போதும்" என்றான் சுகுமாறன்.

"ஒரு பாயின்ட்ல ஜெயிச்சாலும்?"

சொங்க்லா வென்றால் கிள்ளானும் பாத்தாமும் மட்டும் சமமாகும்; பாத்தாமை முதல் ஆட்டத்திலும் வென்றிருந்த கிள்ளான் உள்ளே போகும். சுகுமாறனின் மடிக்கணினியில் இன்னொரு வரியும் இருந்தது. சொங்க்லா மேடானிடம் தோற்றால் மூன்று அணிகளும் ஒரே வெற்றிக் கணக்கில் வந்து நிற்கும். மூன்று பேர் அப்படி முட்டிக்கொண்டு நின்றால் லீக்கின் விதி வேறு. அந்த மூவரும் பருவம் முழுக்கத் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து, போட்ட புள்ளி எத்தனை, விட்ட புள்ளி எத்தனை என்று பார்ப்பார்கள். கிள்ளான் சொங்க்லாவிடம் இரண்டு முறை தோற்றிருந்தது. அந்தக் குழியை நிரப்ப வேண்டுமானால் பாத்தாமை இன்று ஆறு புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். ஐந்து என்றால் வெளியே.

ஆனால் மேடான் பருவம் முழுக்க ஒரே ஓர் ஆட்டம்தான் வென்றிருந்தது. அது சொங்க்லாவின் ஊரிலேயே போய் சொங்க்லாவை வெல்ல நூற்றுக்கு நான்கு வாய்ப்பு.

நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருப்பதைச் சுகுமாறன் இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

மாதவியிடம் சொன்னார்கள். தலைக்குள் ஓர் இரத்தக்குழாய் புடைத்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் எதையும் மறைக்காமல், நூற்றில் இரண்டு பேருக்கு ஆபத்து என்றார். சுகுமாறன்தான் அதை அவளுக்கு விளக்கினான். நல்ல எண் என்றான். இதைவிட நல்ல எண் கிடைக்காது என்றான். அவள் கட்டிலில் படுத்தபடி கேட்டாள்: "நூறு பேருல ரெண்டு பேருன்னா, அந்த ரெண்டு பேரு யாருங்க?" சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. கிடைத்த கடைசி இரவை அந்த இரண்டு பேரோடு விழித்துக் கழித்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் தூங்கியிருப்பாள். முடிவு மாறியிருக்காது. சுகுமாறன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த கணக்கு அது.

"ஒரு பாயின்ட்ல ஜெயிச்சாலும்" என்றான்.

"அப்பாடா." மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். "தவுக்கே நேத்து ட்ரெய்னிங்குக்கு வந்தாரு மச்சான். பிளே-ஆஃப் போனா அடுத்த வருஷமும் டீம் இருக்கும், போவலன்னா ஜெர்சியத் தொவச்சிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்கன்னுட்டாரு."

தவுக்கே என்பது அணியின் முதலாளி. ஹார்ட்வேர் கடைகள் வைத்திருப்பவர். சொன்னால் செய்வார்.

"ஜெர்சி எப்பவும் யாரு தொவைக்கிறது?" என்றான் சுகுமாறன்.

"நான்தான். எங்க வீட்டு மெஷின்லதான்." திருச்செல்வம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "முப்பத்து நாலு வயசு, இந்த முட்டிய வச்சிக்கிட்டு வேற எவன் மச்சான் என்னைய எடுப்பான்? இது போச்சுன்னா அவ்வளவுதான்" என்றான்.

பிறகு திருச்செல்வமே பேச்சை மாற்றினான்.

"அம்மாவ இன்னிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வராங்களா?"

"ஒரு வருஷத்துக்குக் கோயிலுக்குத்தான் போவக்கூடாது, பால் வெளையாடற ஹாலுக்குப் போவக்கூடாதுன்னு எந்த ஐயரு சொன்னாருன்னு கேட்டேன். சிரிச்சிட்டாங்க. நம்ம பெஞ்சுக்குப் பின்னாடியே சீட்டு. இன்னொன்னு மச்சான், அவங்க ஃபோன் கெட்டுப்போச்சு. மாதவி ஃபோனத்தான் எடுத்து வச்சிருக்காங்க. ஏதாச்சும்னா அந்த நம்பருக்குக் கூப்புடு."

"ம்."

"சரி, வைக்கிறேன். ஜெயிச்சா போதும். எழுதிடச் சொல்றேன்."

பிற்பகல் நிகழ்ச்சிக்குச் சுகுமாறன் மாடிப்படி ஏறியபோது மும்தாஜ் அக்கா ஏற்கெனவே ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வானொலியில் பல வருஷம் இருந்தவர். நிகழ்ச்சிக்கு அவர்தான் தலை. கீழ்க்கடை வடையில் ஒன்றைப் பாதி கடித்து மீதியைக் காகிதத்தில் வைத்திருந்தார்.

"வாங்க, கூடைப்பந்து போமோ மந்திரவாதி! மந்திரிச்சு முடிச்சாச்சா? கிள்ளான் போவுதா, போவலியா?"

"அறுபத்தொன்னு."

"அறுபத்தொன்னுன்னா போவுமா, போவாதா?"

"அறுபத்தொன்னு அக்கா."

"இவன்கிட்ட ஒரு பேய வச்சு ஓட்டச் சொன்னாலும் அறுபத்தொன்னு பர்சென்ட் ஓடிரிச்சும்மான்னு சொல்லுவான்." மும்தாஜ் திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்த சதீஷ்குமாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சதீஷ்குமார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். நிகழ்ச்சியின் கம்பி, கேமரா, திரை எல்லாம் அவன் பொறுப்பு.

"கிள்ளான் ஆட்டம் இடது பக்கம் சார், சொங்க்லா வலது பக்கம்" என்றான். "கிள்ளான் படம் கொஞ்சம் லேட்டா வரும். அங்க நடந்து எட்டுப் பத்து செகண்ட் கழிச்சுத்தான் நமக்குத் தெரியும். ஒன்னும் பண்ண முடியல."

ஆட்டங்கள் தொடங்கின. இடது திரையில் திருச்செல்வம் ஏழாம் எண் ஜெர்சியில் முட்டிக்குக் கறுப்புப் பட்டி போட்டு ஓடிக்கொண்டிருந்தான். பெஞ்சுக்குப் பின்னால் அவன் அம்மா தனலெட்சுமி அத்தை கைப்பையை மடியில் வைத்து, பஸ்ஸில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார். இளநீலப் புடவை. அவர் வீட்டைவிட்டு வெளியே வந்து சுகுமாறன் பார்ப்பது, மகளின் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

கிள்ளான் நன்றாக ஆடியது. பாதி ஆட்டத்தில் ஏழு புள்ளி முன்னிலை. மும்தாஜ் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். திருச்செல்வம் மூன்று புள்ளிக் கூடை ஒன்றைப் போட்டபோது, "நம்ம வீட்டுப் பிள்ளை பாருங்க! சீனப் பையனுங்களுக்கு நடுவுல நின்னு ஹொக்கியன்ல கத்துறான், பந்து தமிழ்ல உள்ள விழுது!" என்றார்.

பிறகு கிள்ளானில் மழை இறங்கியது. மண்டபத்தின் கூரை ஒழுகி, களத்தின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். இரண்டு பேர் துடைப்பத்தோடு வந்தார்கள். துடைக்கத் துடைக்கச் சொட்டியது. ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாளியைக் களத்தில் வைத்து எப்படி ஆடுவது என்று நடுவர் கையை விரித்தார். அதுவரை சேர்ந்தே ஓடிய இரண்டு ஆட்டங்களில் கிள்ளான் ஆட்டம் நேரத்தால் பின்தங்கியது.

"சார்" என்றான் சதீஷ்குமார். "மேடான் லீடிங் சார்."

வலது திரையில் மேடான் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தது. சொங்க்லாவின் உயரமான ஆட்டக்காரர் விதிமீறிய தப்பாட்டம் அதிகமாகி வெளியே உட்கார்ந்திருந்தார்.

"அடி சக்க!" மும்தாஜ் மேசையைத் தட்டினார். "சொங்க்லா தோத்தா நமக்கு இன்னும் சுலபம்லா?"

"இல்லக்கா."

"என்ன இல்ல? எதிரி வழுக்கி விழுந்தா நமக்குத்தானே நல்லது?"

"இந்தக் கணக்குல இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுகுமாறன் எழுந்தான். மும்தாஜ் ஒலிவாங்கிப் பக்கம் திரும்பிப் பேச்சைத் தொடர்ந்தார்.

சன்னலோரம் நின்று திருச்செல்வத்தை அழைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. திரையில் கோச் லிம்மின் நாற்காலிக்கு அடியில் அந்த டின் தெரிந்தது. உள்ளே ஏதோ ஒரு கைப்பேசி அதிர்ந்துகொண்டிருக்கும். கோச்சை அழைத்தான். அதே டின். அணியின் மேனேஜரை அழைத்தான். அவர் பக்கவாட்டில் நின்று கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வந்த அழைப்பை வெட்டினார். இரண்டாம் முறையும் வெட்டினார். செய்தி அனுப்பினான். பார்க்கவில்லை.

இன்னும் ஓர் ஆள் இருந்தார். பெஞ்சுக்குப் பின்னாலேயே, கையில் கைப்பேசியோடு.

எண்ணைத் தேடி எடுத்தான். திரையில் 'மாதவி' என்று வந்தது. அந்தப் பெயரை அவன் மாற்றவில்லை. மாற்றுவதற்கு என்று ஒரு நாள் வரவில்லை. கட்டைவிரல் பெயருக்குமேல் நின்றது.

மழை விட்டு ஆட்டம் மீண்டும் தொடங்கியிருந்தது. கிள்ளான் இப்போது பதினொரு புள்ளி முன்னால். வேண்டியது ஆறுதான். சொங்க்லா இன்னும் தோற்கவும் இல்லை. கைப்பேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

சொங்க்லா விரட்டி வந்தது. ஒன்பது நான்கானது. நான்கு இரண்டானது. சுகுமாறனுக்கு மூச்சு வந்தது. பிறகு மேடானின் ஒல்லிப் பையன் ஒருவன், பருவம் முழுக்க யாரும் பேர் சொல்லாதவன், மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிந்தான். உள்ளே விழுந்தது. வலது திரையில் ஆட்டம் முடிந்தது. மேடான்காரர்கள் கோப்பையே வாங்கியதுபோல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

நூற்றுக்கு நான்கு.

"சொங்க்லா தோல்வி! சொங்க்லா தோல்வி!" மும்தாஜ் கத்தினார்.

இடது திரையில் கிள்ளான் மண்டபத்து அறிவிப்பாளரும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். கேலரி முழுக்க எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. கோச் லிம் காதைப் பொத்திக்கொண்டு, கவனிக்காதே, ஆடு, ஆடு என்று ஆட்டக்காரர்களுக்குச் சைகை காட்டினார். கிள்ளான் எட்டுப் புள்ளி முன்னால். மீதி இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

"அக்கா, இப்ப ஆறு வேணும்" என்றான் சுகுமாறன். ஒலிவாங்கியில் போனது அது. "மூணு டீமும் ஒன்னா நிக்குது. கிள்ளான் ஆறு பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிக்கணும். இல்லன்னா வெளிய."

மும்தாஜ் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஹால்ல இருக்கிற யாராச்சும் இதக் கேட்டுட்டு இருந்தா…" என்று மும்தாஜ் நேயர்களிடம் ஆரம்பித்தார். அந்த மண்டபத்தில் உட்கார்ந்து தமிழ் நிகழ்ச்சி கேட்பவர் யாரும் இருக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

கோச் லிம் முன்னணி ஆட்டக்காரர்களில் இரண்டு பேரை உட்காரவைத்தார். ஜெயித்தால் போதும் என்றால் அவர் செய்ததுதான் சரி. தப்பாட்டம் செய்யாதே, மூன்று புள்ளி கொடுக்காதே, இரண்டு போனால் போகட்டும், நேரம் ஓடட்டும். பாத்தாம் இரண்டு போட்டது. எட்டு ஆறானது. கிள்ளான் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி நேரத்தைத் தின்றது. எறிந்தது விழவில்லை.

சுகுமாறன் கைப்பேசியைத் திருப்பினான். அந்தப் பெயரை அழுத்தினான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"மாப்பிள்ளை! பாக்குறீங்களா மாப்பிள்ளை? ஜெயிக்கிறாங்க!"

"அத்தை, நான் சொல்றதக் கேளுங்க. கீழ எறங்கி கோச்சுகிட்டப் போங்க. ஆறு வேணும்னு சொல்லுங்க."

"யாருகிட்ட?"

"கோச். இல்லன்னா திருகிட்ட. ஆறு. அதுக்குக் கொறஞ்சா பத்தாது. ஆறு வேணும்னு சொல்லுங்க."

"ஆறு. சரி. ஆறு."

ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும். புடவை உரசும் சத்தம், கைப்பை எதிலோ இடிக்கும் சத்தம், "ஸ்கியூஸ் மீ, ஸ்கியூஸ் மீ, கொஞ்சம் வழி விடுங்க" என்று அவர் குரல். பிறகு ஓர் ஆண் குரல், போகக்கூடாது என்று மலாயில். "மக்சிக், தா போலே. தா போலே."

"அனாக் சாயா! என் மவன்ப்பா! ஏழாம் நம்பரு, என் மவன்!"

"தா போலே, மக்சிக்."

இடது திரையில் பாத்தாம் இன்னும் ஒரு கூடை போட்டது. ஆறு நான்கானது. பந்து கிள்ளானுக்கு. திருச்செல்வம் வாங்கிக்கொண்டான். இருபது நொடிதான் மீதி. இப்போது பாத்தாம்காரர்கள் பாய்ந்து வந்து அவனைப் பிடித்திழுத்தாவது கடிகாரத்தை நிறுத்த வேண்டும். நாலு புள்ளியில் தோற்கும் எந்த அணியும் அதைத்தான் செய்யும்.

செய்யவில்லை. பாத்தாம் பெஞ்சில் ஒருவன் கைப்பேசியை நீட்டிக் காட்டினான். அவர்களுடைய கோச் அதைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் கீழே நோக்கி அமர்த்தினார். போதும், விடுங்கள். பாத்தாம்காரர்கள் கைகளைத் தொங்கவிட்டு, இருந்த இடத்திலேயே நின்றார்கள். நாலு புள்ளியில் தோற்றாலும் அவர்கள் உள்ளே என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மண்டபத்தில் தெரியாதவர்கள் கிள்ளான்காரர்கள் மட்டும்தான்.

திருச்செல்வத்துக்கும் கூடைக்கும் நடுவில் யாரும் இல்லை. அகலமாக, காலியாக, துடைத்த தரை பளபளத்துக்கொண்டு கிடந்தது. நாலு எட்டு வைத்துப் பந்தை மேலே விட்டால் இரண்டு புள்ளி. நாலும் இரண்டும் ஆறு.

அவன் போகவில்லை. எதிராளி கையைத் தொங்கவிட்ட பிறகு கூடை போடுவது மரியாதை இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு நின்று நேரத்தை ஓடவிட வேண்டும். கிள்ளானில் சீனப் பள்ளித் திடலில் ஆடிய வயதிலேயே அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திருச்செல்வம் மரியாதையாக நின்றான். பந்தை ஒரு கையால் தட்டினான். தட்டினான்.

"போடு" என்றார் மும்தாஜ் திரையைப் பார்த்து. ஒலிவாங்கியை மறந்துவிட்டார். "போடேன்டா, ராசா."

கைப்பேசியில் அத்தையின் குரல் கேட்டது, அவனிடம் இல்லை, தூரத்தை நோக்கி: "திரு! ஆறு! டேய் திரு, ஆறுடா! ஆறு!"

அதே கைப்பேசியில், அவர் குரலை விழுங்கிக்கொண்டு, பஸ்ஸர் ஒலித்தது. மண்டபம் முழுக்கக் கத்தும் சத்தம்.

இடது திரையில் இன்னும் முடியவில்லை. படம் பின்னால் வந்துகொண்டிருந்தது. அங்கே இன்னும் சில நொடிகள் இருந்தன. பாதை திறந்திருந்தது. திருச்செல்வம் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். முடிந்துபோன ஒன்று நடக்கப்போவதைச் சுகுமாறன் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையின் ஓரத்தில் இளநீலப் புடவை தெரிந்தது. அத்தை கம்பித் தடுப்பில் மார்பை அழுத்தி, ஒரு கையில் கைப்பேசியைத் தூக்கி வீசிக் கத்திக்கொண்டிருந்தார். காவலாளி அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். திருச்செல்வம் திரும்பிப் பார்த்தான். இத்தனை மாதமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்று, ஊர் பார்க்கக் கத்துகிறார். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

திரையிலும் பஸ்ஸர் ஒலித்தது.

கிள்ளான்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாத்தாம்காரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

"சொல்லிட்டேன் மாப்பிள்ளை" என்றார் அத்தை. மூச்சு வாங்கியது. "கேட்டுச்சுபோல. கையக் காட்டுறான் பாருங்க. எப்படிச் சிரிக்கிறான்! இத்தன நாளா இவன் சிரிச்சே பார்க்கல நான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஆறுன்னா என்ன மாப்பிள்ளை?"

சுகுமாறன் வாயைத் திறந்தான். கைப்பேசி அதிர்ந்தது. இன்னோர் அழைப்பு. திரு.

திரையில் கோச் லிம் குனிந்து டின்னை வெளியே எடுத்திருந்தார். மூடி வரவில்லை. ஒரு சாவியை விட்டு நெம்பித் திறந்தார். ஒவ்வொருவராக வந்து தங்கள் கைப்பேசியை எடுத்துப் போனார்கள்.

"அத்தை, ஒரு நிமிஷம்" என்று சொல்லி அந்த அழைப்பை எடுத்தான்.

"மச்சான்! போயிட்டோம்லா!" பின்னால் ஒரே கூச்சல். "இத்தன மிஸ்டு கால் போட்டிருக்கே, அவ்ளோ அவசரமா?"

"போவல திரு."

"என்ன?"

"சொங்க்லா தோத்துட்டாங்க."

"தெரியும்லா, ஹால்ல சொன்னாங்க. அதுக்குத்தானே எல்லாரும் கத்துனாங்க."

"அவங்க தோத்தா மூணு டீமும் ஒன்னா நிக்கும். அப்படி நின்னா நமக்கு ஆறு வேணும். நாலுதான் இருக்கு."

கூச்சல் அப்படியே இருந்தது.  தகரக் கூரையில் மீண்டும் மழை விழுவது கேட்டது.

"காலைல இது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எத்தன பர்சென்ட் இருந்துச்சு?"

"நாலு."

"நாலுன்னாலும் சொல்லணும்லா மச்சான்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுகுமாறனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "பந்து கையில இருந்துச்சு. எதுக்க ஒருத்தன் இல்ல."

"பாத்தேன்."

"கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன்."

"ம்."

"அம்மா கத்துனாங்களே, என்ன கத்துனாங்க?"

"ஆறு."

திருச்செல்வம் மூச்சை இழுத்து விட்டான். "சந்தோஷத்துல கத்துறாங்கன்னு நெனச்சேன்" என்றான். பின்னால் யாரோ ஹொக்கியனில் அவனைக் கூப்பிட்டார்கள். யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். "இவனுங்க யாருக்கும் இன்னும் தெரியாது. நான் போய்ச் சொல்லணும். அம்மாகிட்ட நீ சொல்லிடு மச்சான். ரெண்டு பக்கமும் என்னால ஆவாது."

அழைப்பு அறுந்தது. கைப்பேசியின் திரையில் மாதவி என்ற பெயர் திரும்பி வந்தது, காத்திருந்தது.

மும்தாஜ் ஒலிவாங்கியை அணைத்திருந்தார். சதீஷ்குமார் தண்ணீர்ப் போத்தலைச் சுகுமாறன் பக்கம் நகர்த்தி வைத்தான். இடது திரையில் திருச்செல்வம் கோச் லிம்மின் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். கோச் வெறும் டின்னை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். பாட்டு ஒரு பக்கமாக நின்றது. பிறகு மறுபக்கமும் நின்றது. ஒருவன் தரையில் உட்கார்ந்தான். இன்னொருவன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பாத்தாம்காரர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்து போனார்கள்.

"அத்தை" என்றான் சுகுமாறன்.

"இருக்கேன் மாப்பிள்ளை."

"இன்னும் ஒரு கூடை போட்டிருக்கணும் அத்தை. ரெண்டு பாயின்ட் பத்தல. நாம போவல."

"ஜெயிச்சிட்டாங்கன்னு சொன்னாங்களே."

"ஜெயிச்சிட்டாங்க. ஆனா பத்தல."

 திரையில் அவர் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தார். காவலாளி எப்போதோ முழங்கையை விட்டுவிட்டிருந்தார். கைப்பேசியைக் காதில் வைத்தபடி, தரையில் உட்கார்ந்திருக்கும் பையன்களையும் அவர்களுக்கு நடுவில் நிற்கும் தன் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதான் எல்லாரும் ஒக்காந்துட்டாங்களா" என்றார்.

"ஆமா அத்தை."

"ஒரே ஒரு கூடைதானா?"

"ஒன்னுதான்."

 பிறகு அவர், ஒரு வழி புலப்பட்டவரைப்போல, குரலைத் தாழ்த்தி, அவசரமாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, கூடை இங்கதான் இருக்கு. யாரும் கழட்டல. பந்தும் அவன் காலுகிட்டதான் கெடக்கு. இப்பப் போட்டுடச் சொல்லுங்களேன்."

சுகுமாறன் திரையைப் பார்த்தான். பந்து அங்கேதான் கிடந்தது.